வேலைப் பெருக்கமும் தேச க்ஷேமமும்



ஒரு தேசத்தில் வேலை பெருகி வருவதும் கூலி உயர்ந்து வருவதும் அத்தேசத்தின் பொருளாதாரம் ஆரோக்கியமாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். அமெரிக்காவில் பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று, சென்ற மாதத்தில் எத்தனை வேலைகள் கூடின, மணிக்கூலி எவ்வளவு ஏறிற்று என்ற இரண்டு எண்களை அரசாங்கம் வெளியிடுகிறது. வெளியிட்ட சில நிமிஷங்களுக்குள் பங்குச் சந்தைகள் எழுவதும் விழுவதும், ராஜாங்கத் தலைவர்கள் மார்தட்டிக்கொள்வதும் மறுதரப்பார் குறை சொல்வதும் வழக்கமாகிவிட்டன. நம் நாட்டிலும் 2025ஆம் ஆண்டு முதல் இத்தகைய மாதாந்தர அறிக்கை வரத் தொடங்கியிருக்கிறது. ஆகையால், இந்த எண்களை எவ்வாறு படிப்பது என்பது நிபுணர்களுக்கு மட்டுமேயுரிய காரியமாக இனி இராது.

வேலை கூடினால் நல்லது, கூலி ஏறினால் அதனினும் நல்லது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே. உடம்பில் சூடு இருப்பது உயிர் இருப்பதற்கு அடையாளம். அச்சூடே ஏறிக்கொண்டு போவது ஜுரத்துக்கு அடையாளம். கையை வைத்துப் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று சொல்லிவிட முடியாது. வேலைக் கணக்கும் அவ்வகைப்பட்டதே என்பது என் அபிப்பிராயம். இதை நிரூபிக்க நான் அயல்தேசத்துச் சித்தாந்திகளிடம் போவதற்கு முன், நம் சொந்த மாகாணத்தின் சரித்திரத்திலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

1876ஆம் ஆண்டில் மழை பொய்த்துத் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தை, அது தொடங்கிய ஆண்டின் பெயரால் தாது வருஷப் பஞ்சம் என்றே நம் முன்னோர் வழங்கிவந்தனர். பஞ்சம் முற்றவே அரசாங்கத்தார் நிவாரண வேலைகளைத் திறந்தனர். சாலைக்குக் கல்லுடைக்கவும், ஏரிக்கரையை உயர்த்தவும், கால்வாய் வெட்டவும் இலட்சக்கணக்கான ஆண்களும் பெண்களும் வந்து குவிந்தார்கள். சென்னை நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற, இன்று பக்கிங்காம் கால்வாய் என்று நாம் அழைக்கும் நீர்வழியின் பகுதி அவ்விதம் கூலிக்கு வந்தவர்கள் வெட்டியதுதான். செலவு எல்லை மீறுகிறது என்று கருதிய வைஸ்ராய் லிட்டன் பிரபு, 1877 ஜனவரியில் ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை இங்கு அனுப்ப, அவர் ஓர் ஆணின் அன்றாடக் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்று குறைத்துவிட்டார். மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், நாள் முழுதும் உழைக்கும் உடம்பை இந்த அளவு தாங்காது என்று விடாது ஆட்சேபித்துச் சில மாதங்களில் அதை உயர்த்தும்படி செய்தார். நாம் கவனிக்க வேண்டியது இது: அக்காலத்தில் நம் மாகாணத்தில் உழைப்புக் கணக்கெடுப்பு ஒன்று நடந்திருக்குமானால், வேலையில் இருப்போர் தொகை திடீரென்று உயர்ந்ததாகவும், வழக்கமாக வேலைக்கு வராத பெண்டிரும் முதியோரும் பெருவாரியாக வந்து சேர்ந்ததாகவும் அக்கணக்கு கூறியிருக்கும்.

பஞ்சத்தை நிர்வகித்த ஆங்கில அதிகாரிகள் இந்த உண்மையை அறியாதவர்கள் அல்லர். 1880ஆம் ஆண்டின் பஞ்சக் கமிஷன் அறிக்கையை அடியொற்றிப் பின்னர் இயற்றப்பட்ட பஞ்ச விதிகளில், சோதனை வேலை என்றொரு ஏற்பாடு இருந்தது. ஒரு தாலுக்காவில் பஞ்சம் வந்துவிட்டதா இல்லையா என்று சந்தேகம் ஏற்படும்போது, அங்கே கடினமான வேலையொன்றைக் குறைந்த கூலிக்குத் திறந்து வைப்பார்கள். ஜனங்கள் வராவிட்டால் பஞ்சம் இல்லை. கூட்டங் கூட்டமாக வந்தால் பஞ்சம் உண்டு. இரக்கமற்ற சோதனைதான், ஆயினும், வேலைக்கு வருவோர் தொகை பெருகுவதை க்ஷேமத்துக்கு அன்றி க்ஷாமத்துக்கு அறிகுறியாகக் கொள்ளலாம் என்ற தெளிவு அந்த விதிகளை எழுதியவர்களுக்கு இருந்தது. இன்று மாதாந்தர அறிக்கைகளைப் படிப்பவர் பலரிடம் அந்தத் தெளிவைக் காணோம்.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏற்பட்டு, நம் கிராமங்களில் நூறு நாள் வேலை என்றே பெயர் பெற்றுவிட்ட திட்டத்தில், 2019-20ஆம் ஆண்டில் ஏறக்குறைய 265 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. அடுத்த ஆண்டில் அது 389 கோடியாக உயர்ந்தது. கொள்ளைநோயால் நகரங்கள் அடைபட்டு, தேசிய உற்பத்தி சுருங்கி, மக்கள் நடந்தே ஊர் திரும்பிய ஆண்டு அது.

இனி, நம் நாட்டில் வேலை என்பதை எவ்வாறு கணக்கிடுகிறார்கள் என்பதைச் சிறிது பார்ப்போம். பேராசிரியர் மஹலநோபிஸ் அவர்களின் முயற்சியால் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, முதலில் மேல்நாட்டு முறைகளையே பெரும்பாலும் பின்பற்றியது. உழவும் கூலியும் வீட்டுத் தொழிலும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் ஒரு சமூகத்தில் அம்முறைகள் செல்லுபடியாகா என்று 1970இல் தாந்த்வாலா குழு எடுத்துரைத்ததன் பின், 1972-73ஆம் ஆண்டின் ஆய்வு முதல் வழக்கமான நிலை, வார நிலை, நாள் நிலை என மூன்று அளவுகோல்கள் வழக்கில் வந்தன. வழக்கமான நிலை என்பதன்படி, சென்ற ஓராண்டில் முப்பது நாட்களாவது துணைத் தொழிலாக ஏதேனும் ஒன்றைச் செய்தவர் வேலையில் உள்ளவர். வார நிலையின்படி, ஏழு நாட்களில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். சம்பளம் இல்லாமல் குடும்பக் கடையில் உட்கார்ந்திருப்பவரும், விற்பனைக்கான பாலைத் தரும் சொந்த மாட்டுக்குத் தீனி வைப்பவரும் இதில் அடக்கம். கணக்கெடுப்போரின் குற்றம் இதில் யாதொன்றுமில்லை. பெண்களின் கண்ணுக்குப் படாத உழைப்பு அலட்சியம் செய்யப்படக் கூடாது என்ற நல்லெண்ணமும் இதற்குள் இருக்கிறது. ஆனால் இவ்வளவு அகலமாக விரித்த வலையில் விழுவதெல்லாம் ஒரே தரத்து மீன் என்று எண்ணுவதுதான் பிழை. வேலையின்மையை அளக்க நேரம், வருமானம், விருப்பம், உற்பத்தி என நான்கு அளவுகோல்கள் வேண்டும் என்று 1973லேயே பொருளாதார அறிஞர் ராஜ் கிருஷ்ணா வலியுறுத்தினார். செய்தித்தாள்களின் தலைப்புக்கு வந்து சேருவதோ முதல் ஒன்று மாத்திரமே.

இப்பொழுது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். நம் நாட்டின் அண்மைக் கால அனுபவத்தில், ஒன்றை ஒன்று அடுத்து நிற்கும் இரண்டு காலப்பகுதிகள் இந்த விஷயத்துக்கென்றே அமைந்தவைபோல் இருக்கின்றன. 1999-2000க்கும் 2004-05க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், தேசிய மாதிரி ஆய்வின்படி, வேலையில் உள்ளவர் தொகை ஏறத்தாழ 6 கோடி கூடிற்று; முன்னர்ப் பல காலம் காணாத வளர்ச்சி. அதைக் கண்டு மகிழ்ந்தோர் உண்டு. ஆனால் கூடிய வேலையில் பெரும்பங்கு சுயதொழில். அதிலும் பெண்கள் செய்த சம்பளமில்லாத குடும்பத் தொழில் கணிசமானது. அக்காலத்தில் விவசாய வருமானம் நலிந்திருந்தது. விதர்ப்பத்திலும் ஆந்திரத்திலும் விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அன்றாடம் வந்துகொண்டிருந்தன. கூலி விகிதங்கள் மந்தமாகவே நகர்ந்தன. ஒருவர் சம்பாத்தியத்தில் குடும்பம் நடவாதபோது இரண்டாமவர் வேலைக்குப் போகிறார், மூன்றாமவர் படிப்பை நிறுத்துகிறார். கணக்கில் இரண்டு வேலைகள் கூடுகின்றன.

அடுத்த காலப்பகுதியில் காட்சி தலைகீழாக மாறிற்று. 2004-05க்கும் 2009-10க்கும் இடையே மொத்த வேலைத் தொகை அநேகமாக அசையாமல் நின்றுவிட்டது. வேலையில்லா வளர்ச்சி என்ற கண்டனம் அப்பொழுது பெரிதாக எழுந்தது. எங்கே போயிற்று உழைப்போர் படை என்று கேட்டுப் பொருளாதார நிபுணர் ரங்கராஜன் முதலியோர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் அளவுக்கு அது ஒரு புதிராயிற்று. ஆனால் அதே ஆண்டுகளில்தான் விவசாயத்தில் ஈடுபட்டிருந்தோரின் மொத்தத் தொகையே குறையத் தொடங்கியது. கட்டடத் தொழில் கிராமத்து ஆட்களை இழுத்துக்கொண்டது. பெண் பிள்ளைகள் வயற்காட்டை விட்டுப் பள்ளிக்கூடம் போயினர். சுமார் 2007 முதல் சில ஆண்டுகள், விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பின்னும், கிராமத்துக் கூலி அதற்கு முன் கண்டிராத வேகத்தில் உயர்ந்தது. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, சித்தாளும் மனம்போன கூலி கேட்கிறாள் என்று நம் மிராசுதார்கள் புலம்பியது இந்தக் காலத்தில்தான். அந்தப் புலம்பலைவிட நம்பத்தகுந்த பொருளாதார அறிக்கை ஒன்றை நான் அறியேன். டெண்டுல்கர் குழுவின் அளவுப்படி 2004-05இல் நூற்றுக்கு 37.2 ஆக இருந்த வறுமை 2011-12இல் 21.9 ஆக இறங்கியது. வேலைத் தொகையை மட்டும் கண்ணாகக் கொண்டவர் முதற்காலத்தைப் பொற்காலம் என்றும் இரண்டாவதைத் தேக்கம் என்றும் தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

இந்த இரண்டு காட்சிகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அண்மைய ஆண்டுகளைப் பார்ப்போம். தேசிய மாதிரி ஆய்வின் பழைய வேலைக் கணக்கெடுப்புக்குப் பதிலாக வந்த காலமுறை உழைப்புப் படை ஆய்வின்படி, வழக்கமான நிலையில் 2017-18இல் நூற்றுக்கு 6.1 ஆக இருந்த வேலையின்மை 2023-24இல் 3.2 ஆகக் குறைந்திருக்கிறது. உழைப்பில் பங்குகொள்ளும் பெண்களின் விகிதம் 23.3இலிருந்து 41.7க்கு ஏறியிருக்கிறது. இவை சிறிய மாறுதல்கள் அல்ல. ஆனால் அதே ஆய்வின் வேறு பக்கங்களில், வேலையில் உள்ளோர் மொத்தத்தில் சுயதொழில் செய்வோர் பங்கு 52.2இலிருந்து 58.4க்கும், அதே மொத்தத்தில் சம்பளமின்றிக் குடும்பத் தொழிலுக்கு உதவுவோர் பங்கு 13.6இலிருந்து 19.4க்கும் உயர்ந்திருப்பதையும், மாதச் சம்பளக்காரர் பங்கு 22.8இலிருந்து 21.7க்கு இறங்கியிருப்பதையும், ஐம்பதாண்டு காலமாகக் குறைந்துவந்த விவசாயத்தின் பங்கு 44.1இலிருந்து 46.1க்குத் திரும்பியிருப்பதையும் காண்கிறோம். வளரும் தேசமொன்றில் மக்கள் ஆலையை விட்டு வயலுக்குத் திரும்புவது, பொருளாதார சாஸ்திரம் படித்த எவரையும் சற்றே நிமிர்ந்து உட்காரச் செய்ய வேண்டிய விஷயம். ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமே, உபரி உழைப்பு நிலத்திலிருந்து தொழிலுக்கு நகர்வதுதான் அபிவிருத்தி என்பது.

எதிர்த் தரப்பையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு எரிவாயு உருளையும் குடிநீர்க் குழாயும் வந்ததால் விறகுக்கும் தண்ணீருக்கும் செலவான நேரம் மிச்சப்பட்டு, பெண்கள் விரும்பியே தொழிலில் இறங்குகிறார்கள் என்று அரசாங்கத்தார் கூறுகிறார்கள். அதில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சுயஉதவிக் குழுக்களின் மூலம் ஆடு மாடு வாங்கியும் தையல் இயந்திரம் வாங்கியும் தம் காலில் நிற்கும் பெண்களை நம் மாநிலத்தில் எந்த ஊரிலும் காணலாம். ஆனால் விருப்பத்தால் பெருகிய வேலை வருமானத்தையும் பெருக்கியிருக்க வேண்டுமன்றோ? சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் டில்லியிலுள்ள மனித அபிவிருத்தி நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2012 முதல் 2022 வரை மாதச் சம்பளக்காரரின் மெய்யூதியம், அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்த ஊதியம், ஆண்டுக்குச் சுமார் நூற்றுக்கு ஒன்று வீதம் குறைந்தது என்றும், அன்றாடக் கூலியாளரின் மெய்யூதியம் மட்டும் 2.4 வீதம் கூடியது என்றும் கூறுகிறது. கூலியாளர் விஷயத்தில் ஓரளவு ஆறுதல் உண்டு. மற்றபடி, இந்தக் காலம் 1999க்குப் பிந்திய ஐந்தாண்டுகளையே எனக்கு நினைவூட்டுகிறது.

ஆகவே வேலைத் தொகையைக் காட்டிலும் கூலியே நம்பத்தக்க சாட்சி என்று சிலர் முடிவு கட்டக்கூடும். ஆதம் ஸ்மித் 1776இல் வெளியான தம் நூலில் அப்படித்தான் கூறினார். தேசத்தின் செல்வம் எவ்வளவு பெரிது என்பதன்று, அது வளர்கிறதா நிற்கிறதா தேய்கிறதா என்பதே கூலியைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கொள்கை. வளரும் நிலைக்கு வட அமெரிக்கக் குடியேற்றங்களையும், செல்வமிருந்தும் அசையாது நிற்கும் நிலைக்குச் சீனத்தையும் காட்டிய அவர், தேயும் நிலைக்குக் காட்டிய உதாரணம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்த வங்காளம். நம் தேசத்தின் பெயர் அந்த மகாகிரந்தத்தில் இடம் பெற்ற விதம் இது. பொருளாதாரம் பயிலும் நம் மாணவர்கள் பலர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எனினும் கூலியும் பொய்ச் சாட்சி சொல்லும் சந்தர்ப்பங்கள் உண்டு. 1348இல் இங்கிலாந்தில் புகுந்த கொள்ளைநோய் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போக, எஞ்சியவர்கள் இரட்டிப்புக் கூலி கேட்கலாயினர். நோய்க்கு முந்திய கூலிக்குமேல் கேட்பதும் கொடுப்பதும் குற்றம் என்று 1351இல் பார்லிமெண்டு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கூலி உயர்வு மெய்யானது. ஆனால் மரணத்தால் வந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்ததோ மெய்யும் அன்று. அந்த ஒரே மாதத்தில் 2 கோடிக்கு மேற்பட்ட வேலைகள் மறைந்தன. வேலையின்மை நூற்றுக்கு 14.7 என்று அறிவிக்கப்பட்டது. அதே அறிக்கையில் சராசரி மணிக்கூலி ஒரு டாலருக்கு மேல் உயர்ந்து 30 டாலரைத் தொட்டிருந்தது! உணவு விடுதிகளிலும் தங்கும் விடுதிகளிலும் குறைந்த சம்பளத்துக்கு உழைத்தவர்கள் பட்டியலிலிருந்தே நீங்கிவிட்டதால், மிஞ்சியவர்களின் சராசரி தானே மேலே போயிற்று. ஒருவருக்கும் ஒரு காசும் கூடவில்லை எனினும் சராசரி ஏறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

நம் தொழிற்சாலைகளுக்கும் இவ்வகை எச்சரிக்கை பொருந்தும். ஆலைகளின் எண்ணிக்கையில் இந்தியாவில் முதலிடம் தமிழ்நாட்டுக்கே. தேசத்தின் ஆலைத் தொழிலாளரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் இங்கே இருக்கிறார்கள். இது பெருமைக்குரியது. ஆனால் தொழில்களின் ஆண்டாய்வின்படி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய ஆலைத் தொழிலாளரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர், 2023-24இல் நூற்றுக்கு 42 ஆகிவிட்டனர். ஒரே இயந்திரத்தின் இருபுறமும் நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவரில், ஒருவருக்குப் பஞ்சப்படியும் போனசும் உண்டு, காண்ட்ராக்ட் ஆளாகிய மற்றவருக்கு அடுத்த மாதம் வாயிற்கதவு திறக்குமா என்பதே நிச்சயமில்லை. வேலைக் கணக்கில் இருவரும் ஒன்று ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் மணமாகாத இளம் பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் சீருக்காக ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தின் பெண்களும் அவ்விதமே எண்ணப்பட்டவர்கள்தாம்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது என்று கேட்பீர்கள். வேலை பெருகியதா என்பதற்கு முன், அதை ஏற்க மறுக்கும் சக்தி உழைப்பவனுக்குப் பெருகியதா என்று பார்க்க வேண்டும் என்பதே என் விடை. இதற்கு நேரடியான எண் எதுவும் இல்லை; ஆயினும் ஒன்றிரண்டு எண்களைச் சேர்த்து வைத்தால் அதன் சாயல் தெரியும். ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி, 2022-23இல் கிராமத்து விவசாயக் கூலியாளான ஆண் ஒருவரின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 764 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய், தமிழ்நாட்டில் 470. அதே ஆண்டில் வேலையின்மை விகிதம் கேரளத்தில் நூற்றுக்கு 7.0, மத்தியப் பிரதேசத்தில் 1.6. வேலையின்மை ஒன்றையே நோக்கினால் மத்தியப் பிரதேசம் கேரளத்தினும் நான்கு மடங்கு ஆரோக்கியமானது. ஆனால் பிழைப்புக்காக ரயிலேறுகிறவர்கள் வட இந்தியாவிலிருந்து கேரளத்துக்குப் போகிறார்களேயன்றி, அங்கிருந்து எவரும் வட இந்திய வயல்களுக்குக் கூலி வேலை தேடிப் போவதில்லை. கேரளத்தைப் பரிபூரண ஆரோக்கியத்தின் இலக்கணமாக நான் நிறுத்தவில்லை. படித்த இளைஞர்களும் பெண்களும் அங்கே தகுந்த உத்தியோகமின்றி ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பது அந்நாட்டின் தீராத வியாதி, வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணமே அந்தக் காத்திருப்பைச் சாத்தியமாக்குகிறது. ஆனால் காத்திருக்க முடிவதும் ஒரு செல்வமே. 229 ரூபாய்க்கு இசைந்து வயலில் இறங்குபவனுக்கு அந்தச் செல்வம் இல்லாததால்தான் அவன் வேலையில் உள்ளவனாகக் கணக்கில் வருகிறான். ஏழைக்கு வேலையின்மை கட்டுப்படியாகாது என்பதை குன்னர் மிர்தால் ஆசிய நாடுகளைப் பற்றிய தமது பெருநூலில் 1968லேயே விரிவாக விளக்கியிருக்கிறார்.

முடிவாக, அரசாங்கத்தின் புள்ளிவிவர அமைச்சகத்துக்கு ஒரு விண்ணப்பம். இப்பொழுது மாதந்தோறும் வரும் அறிக்கை, எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இல்லை என்பதை வார நிலைப்படி கூறுவதோடு நின்றுவிடுகிறது. வருமான விவரங்கள் நீண்ட இடைவெளிக்குப் பின் வேறு அறிக்கையில் வருகின்றன. கிராமத்துக் கூலி விகிதங்களோ சிம்லாவிலுள்ள தொழிலாளர் கணக்குத் துறையிலிருந்து தனியே வருகின்றன. இவற்றை வேலைத் தொகையோடு ஒரே தாளில், விலைவாசியைக் கழித்து, சம்பளமில்லாத குடும்ப உதவியாளரைத் தனி வரிசையாகப் பிரித்துக் காட்டுவது பெரிய சிரமமான காரியம் அன்று. விவரங்கள் அனைத்தும் சர்க்காரிடமே இருக்கின்றன. அதுவரை, வேலையின்மை குறைந்தது என்ற செய்தி வரும் நாட்களில், இந்த அவையிலுள்ள மாணவர்களாவது அந்த அறிக்கையின் பின்பக்கத்து அட்டவணைகளைப் புரட்டி, கூடிய வேலையில் சம்பளமில்லாதது எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பார்களாக.